சென்னை இரவும் சக்குலண்ட் செடியும்

சென்னையில் இப்போது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தேங்காயோடு, சில இடங்களில் தேங்காய்க்குப் பதிலாகவே, உள்ளங்கையில் அடங்கும் தொட்டியில் ஒரு சின்னச் செடி வருகிறது. கரும்பச்சையில் கூரான தடித்த இலைகள், அவற்றின் முதுகில் வெள்ளை வரிகள். ஈசிஆர் ஓரத்து நர்சரிகளில் ‘ஜீப்ரா’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வெறுமனே ‘சக்குலண்ட்’, அதாவது இலையிலோ தண்டிலோ நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுள்ள செடி, என்றாலும் முதலில் கைக்கு வருவது அதுதான். “தண்ணியே வேணாம் சார், சும்மா வெச்சா போதும்” என்று சொல்லித்தான் விற்பார்கள். அப்படி வீட்டுக்கு வந்த செடிகளில் பல, அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அடி கறுத்து, இலை நீர்கோத்து, தொட்டால் கையோடு வந்துவிடுகின்றன. வைத்திருந்தவர் தனக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வறண்ட நிலத்துச் செடி என்றதும் வெயிலையும் தண்ணீரையும் பற்றி மட்டுமே யோசிக்கிறோம். வெயிலைச் சமாளிக்க இந்தச் செடிக்குத் தெரியும், தாகத்தைத் தாங்கவும் தெரியும். சென்னையில் அதற்கு ஒத்துவராதது இரவு. குறிப்பாக, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நமக்கே தூக்கம் வராத அந்தப் புழுக்கமான இரவு.

ஜீப்ரா செடி ஹாவோர்த்தியா கூட்டத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணம் அதன் சொந்த ஊர். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹாவர்த்தின் பெயரால் 1809இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்கள். 2013இல் வரியிட்ட தடித்த இலைக்காரர்களைத் தனியாகப் பிரித்து ஹாவோர்த்தியோப்சிஸ் என்று ஆக்கினார்கள், ஆனாலும் வளர்ப்பவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சோற்றுக்கற்றாழைக்கு இது நெருங்கிய உறவு. சொந்த ஊரில் இது வெட்டவெளியில் நிற்பதில்லை. முட்புதரின் அடியிலோ பாறை இடுக்கிலோ, பாதி நிழலில் ஒதுங்கி வாழ்கிறது. இதன் இனத்தாரில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வறட்சிக் காலத்தில் சுருங்கும் வேர்களால் தங்களையே மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். இலை நுனி மட்டும் வெளியே தெரியும், அதுவும் ஒளி ஊடுருவும்படி இருக்கும். அந்தச் சாளரம் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் பச்சையத்தைச் சேரும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத ஏற்பாடு இது.

இப்படி நிழலில் ஒதுங்கி வாழும் செடியைக் கொண்டுபோய் மே மாதத்து மொட்டை மாடியில் வைத்தால் இலை செங்கல் நிறத்துக்கு மாறும். அது நோயல்ல, வெயிலைத் தடுக்கச் செடி பூசிக்கொள்ளும் நிறமி. நிழலுக்கு மாற்றினால் மெல்லப் பச்சைக்குத் திரும்பிவிடும். வெயிலால் வருகிற தொல்லை பெரும்பாலும் இத்தோடு சரி.

இரவுக்கு வருவோம். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் இலையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வறண்ட நிலத்தில் அது கட்டுப்படியாகாத செலவு. அதனால் சக்குலண்ட் செடிகள் பல பகலில் துளைகளை மூடிவைத்து, காற்று குளிர்ந்த பிறகு இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி, இலை உயிரணுக்களில் உள்ள பெரிய நீர்ப்பைகளில் சேமிக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தை உடைத்து, வெளிவரும் வாயுவைக் கொண்டு வெளிச்சத்தில் சர்க்கரை செய்கின்றன. ஒரு கிராம் கரியமில வாயுவை உள்ளே எடுக்கச் சாதாரணச் செடி 400 முதல் 500 கிராம் நீரை இழக்கும். இந்த முறையில் 50 முதல் 100 கிராம் போதும். அறிவியலில் இதன் பெயர் கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம், சுருக்கமாக ‘கேம்’. உலகின் தாவர இனங்களில் ஏறக்குறைய 6 சதவீதம் இப்படித்தான் வாழ்கின்றன. நாம் தின்னும் அன்னாசியும் அதில் ஒன்று.

இந்தக் கண்டுபிடிப்பின் வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு உண்டு, அது இங்கே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பெஞ்சமின் ஹெய்ன் ஜெர்மனியின் சாக்சனியில் 1770இல் பிறந்தவர். மொரேவியக் கிறிஸ்தவச் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் நிர்வாகத்தில் தாவரவியலாளராக வேலை பார்த்தார். நம் வீடுகளில் ரணகள்ளி என்றும் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றும் சொல்கிறோமே, இலை ஓரத்தில் குஞ்சுச் செடிகள் முளைக்கும் அந்தச் செடியின் இலையை அவர் நாளின் வெவ்வேறு நேரங்களில் சுவைத்துப் பார்த்தார். காலையில் நன்றாகப் புளித்தது. நேரம் ஏற ஏறப் புளிப்பு குறைந்தது. நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்தைச் சேர்ந்த லம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1815இல் அது சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. கள்ளித் தண்டுகள் இரவில் கரியமில வாயுவை உறிஞ்சுவதைச் சுவிட்சர்லாந்தின் தெ சொசூர் 1804லேயே பதிவுசெய்திருந்தார். அந்த உறிஞ்சலும் இந்தப் புளிப்பும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள் என்று அறிவியல் முழுசாகப் புரிந்துகொள்ள இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது. ஹெய்ன் 1819இல் சென்னையிலேயே இறந்தார்.

ரணகள்ளி இலையை நீங்களும் மென்று பார்க்க வேண்டாம். இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருட்கள் அதில் உண்டு, இந்த இனச் செடிகளைத் தின்று மாடுகள் இறந்திருக்கின்றன. அதிகாலையிலும் மாலையிலும் ஒவ்வோர் இலையைக் கசக்கி, அமிலத்தன்மை காட்டும் பரிசோதனைத் தாளில் சாற்றைத் தொட்டால் அதே வித்தியாசம் நிறத்திலேயே தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட இதைவிட எளிய சோதனை கிடைக்காது.

இந்த ஏற்பாடு நன்றாக நடக்க இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பெரும்பாலான கேம் செடிகளுக்கு 10 முதல் 20 டிகிரி இரவு வெப்பம் தோதானது. இரவு சூடானால் செடியின் சுவாசம் கூடி, சேர்த்து வைத்த சர்க்கரை கரையும். அமிலத்தைப் பூட்டிவைக்கும் சவ்வும் வெப்பத்தில் தளர்ந்து கசியத் தொடங்கும். வரவு குறைந்து செலவு கூடும் நிலை. கிழக்குக் கேப்பில் கோடையிலும் இரவு பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். சென்னையில் மே, ஜூன் மாதங்களின் சராசரி இரவு வெப்பமே 27, 28 டிகிரி. மொட்டை மாடியும் சுவரும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க விடும் அடுக்குமாடி வீடுகளில் இன்னும் அதிகம்.

இந்த நிலையில் செடி என்ன செய்யும்? வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஒடுங்கிவிடும். ஒடுங்கிய செடி தண்ணீர் குடிப்பதில்லை. கடல்காற்றின் ஈரத்தால் தொட்டி மண்ணும் லேசில் காய்வதில்லை. செடி குடிக்காத தண்ணீர், காயாத மண், 28 டிகிரி வெப்பம் மூன்றும் ஒன்று சேர்ந்தால் அழுகல் நோய் பரப்பும் பித்தியம், பியூசேரியம் போன்ற நுண்ணுயிரிகளுக்குக் கொண்டாட்டம். போதாததற்கு, ஹாவோர்த்தியா பழைய வேர்களை விட்டுவிட்டுப் புது வேர் விடும் பழக்கம் கொண்டது. அந்தக் கழிந்த வேர்களில் அழுகல் தொடங்கி அடித்தண்டுக்கு ஏறிவிடும்.

பிறகு மழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டும். சாளர இலை ஹாவோர்த்தியாக்களின் ஊரான தென்னாப்பிரிக்காவின் லிட்டில் கரூவில் பல இடங்களில் ஆண்டு மழை 200, 300 மில்லிமீட்டர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதைவிட அதிக மழை நகரின் பல பகுதிகளில் இரண்டே நாளில் பெய்தது. ஆனாலும் மழையை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலான செடிகள் ஜூன், ஜூலையிலேயே வேரிழந்துவிடுகின்றன. கறுப்பு வெளியே தெரிவதுதான் நவம்பரில்.

ஒரு செடியைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்வது எளிது, ஆனால் தொட்டியைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். இலை சுருங்கியிருக்கிறது, தொட்டி லேசாக இருக்கிறது என்றால் தாகம். ஊற்றினால் ஓரிரு நாளில் இலை நிமிரும். இலை சுருங்கியிருக்கிறது, ஆனால் தொட்டி கனக்கிறது என்றால் வேர் செத்துவிட்டது. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியவில்லை. இங்கேதான் பலரும் இன்னும் ஒரு தம்ளர் ஊற்றுவார்கள், செடியின் கதை அங்கேயே முடியும். இந்த இரண்டாவது நிலையில் செடியைப் பிடுங்கி, கறுத்த பகுதியைச் சுத்தமான கத்தியால் வெள்ளைத் திசு தெரியும்வரை வெட்டி, நிழலில் சில நாள் அப்படியே போட்டுவைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு உலர்ந்த கலவையின் மேல் உட்கார வைத்தால் புது வேர் வர வாய்ப்பு இருக்கிறது. கோடையின் உச்சத்தில் இந்த வாய்ப்பு குறைவு, மார்கழியில் அதிகம்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நர்சரிகளிலும் யூடியூபிலும் பரவியிருக்கும் ஒரு யோசனை நேர்மாறான பலனைத் தருகிறது. வடிகால் நன்றாக இருக்கத் தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பி, அதன்மேல் மண் போடச் சொல்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். சொட்டி முடிந்த பிறகும் அடிப்பக்கம் நனைந்தே இருக்கும். அதையே செங்குத்தாக நிறுத்தினால் இன்னும் தண்ணீர் வடியும். தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. மண் துகள்கள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரத்துக்கு அடியில் ஓர் ஈர அடுக்கு தங்கிவிடும், துளை எத்தனை இருந்தாலும் அது வடியாது. ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈர அடுக்கின் உயரத்தை முடிவு செய்வது துகள் அளவுதானே தவிர தொட்டியின் உயரம் அல்ல. அதனால் இரண்டு அங்குலத் தொட்டியில் மண் முழுதுமே ஈர அடுக்காகிவிடலாம். தாம்பூலப் பையில் வரும் அழகான குட்டித் தொட்டி, அதுவும் தேங்காய்நார்த் தூள் நிரப்பியது, ஈரத்தை வேரோடு கட்டிவைக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில், அடியில் துளையே இல்லாமல், வண்ணக் கூழாங்கல்லோடு விற்பதைப் பற்றி என்ன சொல்ல? சக்குலண்ட் செடியை அப்படி விற்கவே கூடாது.

வாங்கி வந்த வாரமே மாற்றி நடுவது நல்லது. வேரைச் சுற்றியுள்ள நார்த்தூளை உதிர்த்துவிட்டு, ஒரு பங்கு செம்மண்ணும், மூன்று பங்கு பொடி ஜல்லி, உடைத்த செங்கல், பெர்லைட் போன்ற பருமனான பொருளும் கலந்து நடலாம். துகள் மிளகு அளவில் இருக்க வேண்டும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) பயன்படுத்தினால் சலித்து, தூசி போகக் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூசியே எல்லா இடுக்கையும் அடைத்துவிடும். பக்கவாட்டிலும் ஈரம் காயும் மண் தொட்டி, பீங்கானைவிடச் சிறந்தது.

தண்ணீர் ஊற்றும் பருவத்தைச் சென்னை இரவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு முறை என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரை இந்த ஊருக்கானது அல்ல. டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை இரவு 21, 22 டிகிரிக்கு இறங்குகிறது. ஹாவோர்த்தியா இங்கே நிஜமாக வளர்வது இந்தக் காலத்தில்தான். மண் நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் வழியும்வரை ஊற்றலாம். மார்ச்சில் குறைக்கத் தொடங்கி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இலை லேசாகச் சுருங்கியதைப் பார்த்த பிறகு கொஞ்சமாக, அதுவும் சாயங்காலத்தில். அக்டோபர் வந்ததும் மழை படாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கிழக்கு பார்த்த பால்கனி கிடைத்தால் அதுவே போதும். காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு வெளிச்சம், காற்றோட்டம். ஆபீஸ் மேஜையில் ஏசிக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் குளிர்ச்சியைக் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள், ஆனால் ராத்திரி ஏசியை அணைத்த பிறகு அந்த மூடிய அறையும் புழுக்கம்தான். போதாக்குறைக்கு வெளிச்சமும் பற்றாமல் செடி வெளிறி நீண்டுகொண்டே போகும்.

எச்சிவேரியா என்று ரோஜா வடிவத்தில், சாம்பல் நீலத்தில் ஒன்று விற்கிறார்கள். பார்த்தால் வாங்காமல் வர முடியாது. அதன் பல இனங்கள் மெக்சிகோவின் உயர்ந்த மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை, குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. ஊட்டி, காலிம்பொங் போன்ற மலை ஊர்களின் நர்சரிகளில் அது செழிப்பாக வளரும், பெங்களூரிலும் ஓரளவு வளரும். அங்கிருந்து லாரி ஏறி வந்து சென்னையில் இறங்கும்போது அதன் அழகெல்லாம் மலை இரவு கொடுத்தது. சில வாரம் அந்தச் சேமிப்பில் ஓட்டும், பிறகு இலையடுக்கு நடுவில் தளர்ந்து வடிவம் குலையும். சென்னையில் எச்சிவேரியாவை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. முதல் செடியாக மட்டும் அதை வாங்காதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? சொந்த ஊரின் இரவு எப்படி என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். அடேனியம் ஆப்பிரிக்காவின் சூடான பகுதிகளையும் அரேபியாவையும் சேர்ந்தது, சூடான இரவு அதற்குப் புதிதல்ல, நம் மொட்டை மாடியில் பூத்துக் குலுங்குகிறது. சோற்றுக்கற்றாழையின் மூதாதையரும் அரேபியத் தீபகற்பத்துக்காரர்கள். ரணகள்ளி மடகாஸ்கரின் வெப்பத்தில் பிறந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த டேபிள் ரோஸ் இங்கே எந்த வாசலிலும் வளரும். அதன் சொந்தக்காரியான பருப்புக்கீரை வறட்சி வந்தால் கேம் முறைக்கும் மாறிக்கொள்ளும் திறமைசாலி. காலையில் பறித்தால் அந்தக் கீரை கூடுதலாகப் புளிப்பதும் இரவில் சேர்ந்த அதே மாலிக் அமிலத்தால்தான். பிரண்டையின் தண்டும் இந்த இரவு முறையில் வேலை செய்வதே. கோரமண்டல் கரையின் சொந்தச் செடி மருள். அது நிழல், வெயில், மழை எதற்கும் அசராது. நர்சரிக்காரர்கள் அதை வைப்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம். அதன் வெளிநாட்டு உறவைத்தான் ‘ஸ்னேக் பிளாண்ட்’ என்று விலை வைத்து அடுக்குகிறார்கள்.

விலை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலிருந்து, முக்கியமாகக் கோனோபைட்டம் என்னும் குட்டிச் சக்குலண்ட் செடிகளை, 2019க்குப் பிறகு லட்சக்கணக்கில் பிடுங்கிக் கடத்தியிருக்கிறார்கள். சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டுமே வாழ்பவை. ஆன்லைனில் ‘காட்டுச் செடி’, ‘பல வருஷத்துச் செடி’ என்று பெருமையாக எழுதி விற்பதை வாங்காமல் விடுங்கள். நர்சரியில் விதையிலிருந்தோ பக்கக்கன்றிலிருந்தோ வளர்ந்த செடி போதும். ஜீப்ரா செடி தாராளமாகக் குட்டி போடும், நண்பரிடம் கேட்டாலே ஒன்று கிடைத்துவிடும்.

ஜீப்ரா செடிக்குப் பக்கத்தில் நான் வைக்கச் சொல்லும் செடி கள்ளிமுளையான். தென் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கரட்டு நிலங்களில், முட்புதரின் அடியில், விரல் பருமனில் நான்கு பட்டையோடு நிமிர்ந்து நிற்கும் சின்னத் தண்டு. இலை பேருக்கு ஒன்று வந்து உதிர்ந்துவிடும். மழைக்குப் பிறகு தண்டின் நுனியில் கருஞ்சிவப்புக் கோடுகளோடு சின்னச் சின்ன நட்சத்திரப் பூக்கள் வரும், ஈக்கள்தாம் மகரந்தம் சேர்க்கும். எருக்கின் குடும்பம் என்பதால் காய் வெடித்து, பட்டு நூலோடு விதை பறக்கும். 1795இல் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதை விவரித்து அச்சிட்டார். ஆந்திரத்துச் சாமல்கோட்டில் கம்பெனித் தோட்டத்தைக் கவனித்தவர் அவர், அவர் கல்கத்தாவுக்குப் போனபிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர்தான் நாம் மேலே பார்த்த ஹெய்ன்.

ஆடு மேய்ப்பவர்கள் இதன் தண்டை ஒடித்துப் பச்சையாகவே மெல்வார்கள், பசி அடங்கும். வீட்டில் புளி, மிளகாய், உளுந்து வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைப்பார்கள். இந்தப் பசியடக்கும் குணத்தை நம்பி இதன் சாரம் வெளிநாடுகளில் உடல் மெலிய விரும்புவோருக்கு மாத்திரையாக விற்பனையாகிறது. பெங்களூரில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன, எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் மாத்திரைக்காகவும், இன்னொரு பக்கம் கரடுகள் மனைகளாவதாலும் செடி அருகிவருகிறது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்காமல், தோட்டத்தில் வைத்திருப்பவரிடம் ஒரு துண்டு வாங்குவதே முறை.

துண்டை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, மேலே சொன்ன அதே கலவையில், ஆழமில்லாமல் நட்டால் போதும். சூடான இரவு அதற்குப் பழக்கமானது, ஐப்பசி மழையும் பழக்கமானதுதான். தொட்டியில் நீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் பக்கத்தில் கன்றுகள் விட்டுப் பரவும். ஜீப்ராவை மழைக்கு ஒதுக்கி உள்ளே எடுக்கும்போது கள்ளிமுளையானைப் பால்கனி ஓரத்திலேயே விட்டுவிடலாம். தொடர்ந்து பல நாள் அடைமழை என்றால் மட்டும் அதையும் சுவரோரமாக நகர்த்திவையுங்கள்.